எல்லாருக்கும் அத்தை

அத்தையை நான் முதலில் பார்த்தது ஒரு மழை நாளில், காப்பித் தோட்டத்தின் சரிவில். விவசாயிகள் சங்கத்தில் கள அலுவலராகச் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. உறுப்பினர்களின் தோட்டங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரும்படி செயலாளர் அனுப்பியிருந்தார். மண்பாதை, புதுச் செருப்பு; ஏறியதைவிடச் சறுக்கியதே அதிகம். மேலே, ஒரு செடியின் கிளையை வளைத்து இடுப்போடு அணைத்தபடி, சிவந்த பழங்களை மட்டும் விரலால் திருகிக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தார் ஒரு பெண். ஐம்பதைத் தாண்டிய வயது. உரச்சாக்கு ஒன்றை மடித்து முக்காடாகப் போட்டிருந்தார்.

“மருந்து விக்க வந்தீங்களா?” என்றார்.

“இல்லைங்க. சங்கத்து ஆபீசர். புதுசா சேர்ந்திருக்கேன். பட்டப்படிப்பு முடிச்சிருக்கேன். எங்க குடும்பத்துலயே நான்தான் முதல்.”

கடைசியில் சொன்னது அவர் கேட்காத கேள்விக்குப் பதில். அந்த நாட்களில் யார் என்ன கேட்டாலும் நான் அங்கேதான் போய் முடிப்பேன். இப்போதும் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கூலிக்குப் போன அப்பா அம்மாவின் பிள்ளை மேசைக்குப் பின்னால் உட்காருவது சின்ன விஷயம் இல்லை.

“பட்டம் வாங்கினது சரி. அப்படியே ஒரு குடையும் வாங்கியிருக்கலாம்ல தம்பி?”

பக்கத்துச் செடிகளில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கீழேயிருந்து தோட்டத்துக்குச் சொந்தக்காரர் குரல் கொடுத்தார். “அத்தை, அங்க யாரு?”

“உங்க சங்கத்து ஆபீசராம் மருமகனே. நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறாரு. வந்து கூட்டிட்டுப் போங்க.”

மறுநாள் வேறொரு தோட்டத்திலும் அவரைப் பார்த்தேன். அங்கேயும் அத்தை. அந்த வாரம் போன தோட்டங்களில் பாதியில் அவர் இருந்தார், எல்லாவற்றிலும் அத்தையாகவே இருந்தார். எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. நானும் கிராமத்தில் வளர்ந்தவன்தான். உறவில்லாதவரை உறவு வைத்துக் கூப்பிடுவது நமக்கு மூச்சு விடுவதுபோல. அவர் அந்த ஊரில் யாருக்கும் அத்தை இல்லை, பழம் பறிக்கக் கூலிக்கு வருகிறவர் என்பதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தவர். மேட்டில் அவருக்கும் கணவருக்கும் கொஞ்சம் காப்பி இருந்தது. ஒரு வருஷம் விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடப் பழத்தின் விலை கட்டவில்லை. பழம் செடியிலேயே கறுத்தது. அடுத்த வருஷமும் அதே கதை. நிலத்தை விற்றார்கள். கணவர் வேலை தேடி நகரத்துக்குப் போனார், நோய் வந்து அங்கேயே இறந்துபோனார். ஒரே மகள், கட்டிக்கொடுத்து வெளியூரில் இருக்கிறாள். சங்கத்துக்கு முத்திரை வந்தது அதற்கெல்லாம் பிறகு.

“கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நானும் மெம்பர்தான் தம்பி” என்றார் ஒருமுறை. வருத்தப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. “டிக்கெட் வச்சிருந்தவங்க ரயில்ல ஏறிட்டாங்க. நான் பிளாட்பாரத்துல தண்ணி விக்கிறேன். ரயில் வந்தா எனக்கும் வியாபாரம்தானே.”

முத்திரை என்று ஊரில் சொல்வது நியாய வணிகச் சான்றிதழை. விஷயம் இதுதான். சந்தையில் விலை எவ்வளவு விழுந்தாலும், முத்திரையோடு போகும் காப்பியை ஓர் அடிமட்ட விலைக்குக் கீழே வாங்கக் கூடாது. அதற்கு மேல் சங்கத்தின் பொது நிதிக்கு ஒரு தொகை வரும். அதை எதற்குச் செலவழிப்பது என்று உறுப்பினர்கள் கை தூக்கி முடிவு செய்வார்கள். பதிலுக்குச் சில விதிகள் உண்டு. குழந்தைகளை வேலைக்கு விடக் கூடாது, இன்னின்ன மருந்து அடிக்கக் கூடாது, கூலியாட்களுக்குக் கூலி சட்டப்படி இருக்க வேண்டும்; வீட்டு ஆட்களே பறித்தால் அந்தக் கணக்கு கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒருவர் வந்து சோதிப்பார். சோதிப்பதற்கான கட்டணமும் சங்கத்தின் தலையில்தான்.

அதனால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மறுபடி விலை விழுந்தபோது பக்கத்து ஊரில் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். இந்த ஊரில் ஒரு செடியும் போகவில்லை. பழத்தோல் உரிக்கும் இயந்திரம், சிமெண்டு போட்ட உலர்களம், ஓடைக்கு மேல் பாலம், எல்லாம் பொது நிதியில் வந்தவை. ஆனால் ஊர் விளைச்சல் முழுவதையும் முத்திரையோடு வாங்க ஆள் இல்லை. ஒரு பகுதிதான் அந்த விலைக்குப் போகும், மிச்சம் வழக்கமான வியாபாரியிடம் போகும். விதி எல்லாச் செடிக்கும் உண்டு, விலை சில மூட்டைக்கு மட்டும். அதனால் களத்தில் மூட்டை கட்டும்போது, “இது நியாயத்துக்கா, சந்தைக்கா?” என்று கேட்பார்கள். கடைவாசலில் உட்கார்ந்து பேசும்போது, “மூணு மூட்டையில ஒண்ணுக்கு நியாயம், ரெண்டுக்கு அநியாயம்” என்பார்கள். விலை நன்றாக இருக்கும் வருஷத்தில் முதல்தரப் பழம் வியாபாரிக்கும் சுமாரானது நியாயத்துக்கும் போவதுண்டு. வியாபாரி கையில் காசை வைப்பார்; முத்திரைக் காசு கப்பல் ஏறி வர வேண்டும்.

இதில் எதிலும் அத்தைக்குப் பங்கு இல்லை. அவருடைய பிழைப்பு ஒன்றில்தான் நின்றது. பழம் பழுத்ததும் தோட்டக்காரர்கள் அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர் கூட வரும் நாலு பெண்களுக்கும் அவர் மூலமாகத்தான் அழைப்பு போகும். கூலி சட்டம் சொல்வதைவிடக் குறைவு. அது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை ஒரு குறையாக யாரும் பேசியதில்லை. கொடுப்பவரும் கிழிந்த சட்டையோடு பக்கத்துச் செடியில் பறித்துக்கொண்டிருந்தால் எப்படிப் பேசுவது?

ஒருமுறை காப்பி வாங்கும் நிறுவனம் தன் புதுப் பாக்கெட்டை அனுப்பியிருந்தது. செயலாளர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். பாக்கெட்டில் அத்தையின் படம், கையில் கூடை, பல் தெரியச் சிரிப்பு. கீழே எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன்: “எங்கள் விவசாயிக்கு நியாயமான விலை.”

அத்தை குனிந்து பார்த்தார். “நல்லாத்தான் இருக்கேன். விவசாயின்னு வேற போட்டிருக்காங்களா? பாருங்க, போன நிலம் படத்துல திரும்பி வந்துடுச்சு.”

அந்த வருஷம் சோதனைக்கு வந்தவர் ஒரு வெளிநாட்டுப் பெண். ஒல்லியான உடம்பு, முழங்கால்வரை பூட்ஸ், யாரிடமும் அதிராத பேச்சு. ஊர் அவருக்கு உடனே முத்திரை அம்மா என்று பேர் வைத்தது. அவருக்கு மொழிபெயர்க்கும் வேலை எனக்கு. என் ஆங்கிலத்துக்குப் பிழைப்பு கிடைத்த நாள் என்று மிடுக்காகவே அவர் பின்னால் நடந்தேன்.

முதலில் போனது முக்கா ஏக்கரின் தோட்டத்துக்கு. அவருக்கு இருக்கும் நிலமே அந்த மனிதரின் பேராகவும் ஆகிவிட்டது. முத்திரை அம்மா செடிகளைப் பார்த்தார், மருந்து வைக்கும் இடத்தைப் பார்த்தார். பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் காட்டி, கூலியாட்களா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“கூலியாளா? சே, சே. எல்லாம் நம்ம ஆளுங்க. அது அத்தை. இது சின்னம்மா. அந்தப் பக்கம் நிக்கிறது மதினி.”

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த ஊர்ப் பேச்சில் கூலியாள் என்றால் வெளியூரிலிருந்து லாரியில் ஏற்றி வரும் கூட்டம். ஊருக்குள்ளேயே இருந்து நடந்து வருகிறவர் கூலியாள் ஆகமாட்டார். சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தேன். முத்திரை அம்மா அத்தையைப் பார்த்துத் தலையசைத்துப் புன்னகை செய்தார். அத்தையும் செய்தார்.

அடுத்த நாள் சங்கத் தலைவரின் தோட்டம். “எங்க அத்தை” என்றார் தலைவர், முத்திரை அம்மா கேட்பதற்கு முன்பே. அத்தை அன்றும் தலையசைத்தார், கொஞ்சம் குறைவாக. அதற்கு அடுத்த தோட்டத்தில் கூடையோடு அவரே எதிரில் வந்தபோது முத்திரை அம்மா நின்றுவிட்டார்.

“இந்த அத்தையை எனக்குத் தெரியும்” என்றார் என்னிடம். “ஊர் முழுவதற்கும் ஒரே அத்தைதானா?”

நம் வழக்கத்தை விளக்கினேன். வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், கடைக்காரர் அண்ணன், பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர் அக்கா என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்படியென்றால் உறவு இல்லாதவரை உங்கள் மொழியில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?”

யோசித்துப் பார்த்தேன். “அதற்கு ஒரு சொல் இருப்பதாகத் தெரியவில்லை” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த அத்தையோடு தனியாகப் பேச வேண்டும் என்றார்.

உலர்களத்தின் ஓரத்தில் சாக்குகளின் மேல் உட்கார்ந்தோம், நாங்கள் மூன்று பேர். தோட்டக்காரரும் செயலாளரும் களத்தின் மறுகோடியில் நின்று, காய்ந்துகொண்டிருந்த காப்பியைத் தேவையில்லாமல் கிளறிக்கொண்டிருந்தார்கள். அத்தை கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

“தம்பி, அந்தம்மா கேக்குறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கணும். நான் வாயைத் தொறந்தா யாருக்கு என்ன ஆகும்?”

முத்திரை அம்மா நேராகவே பதில் சொன்னார். முத்திரை உடனே போகாது. சரிசெய்ய அவகாசம் தருவார்கள். பறிக்கிறவர்களைக் கூலியாட்களாகக் கணக்கில் எடுத்து, சட்டப்படி கூலி கொடுக்க வேண்டியிருக்கும். செய்யாவிட்டால் முத்திரை நிறுத்தப்படும்.

“எனக்கு?”

“கூலி எவ்வளவு என்று நாங்கள் கேட்க முடியும். உங்களைத்தான் வேலைக்குக் கூப்பிட வேண்டும் என்று எங்களால் சொல்ல முடியாது.”

“ஆக, கூலிக்கு நியாயம் உண்டு, கூலிக்காரிக்குக் கிடையாது.”

அதை மொழிபெயர்க்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. முத்திரை அம்மா கேட்டுவிட்டு, ஆமாம் என்று தலையசைத்தார்.

அத்தை களத்தின் மறுகோடியைப் பார்த்தார். செயலாளர் சட்டென்று குனிந்து கிளறினார்.

“நான் மெம்பரா இருந்தா இன்னைக்குப் பொய் சொல்லுவேன் தம்பி. மெம்பருக்கு அதுல லாபம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? என் சொந்தச் செலவுல நான் எதுக்குப் பொய் சொல்லணும்?” முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “சொல்லுங்க. கூப்பிடுறது அத்தைன்னுதான். யாரும் மரியாதை குறைச்சுப் பேசினது கிடையாது. அவங்க வீட்டுல கல்யாணம்னா எனக்குச் சொல்லிவிட மறந்துடுவாங்க. பழம் பழுத்தா மறக்க மாட்டாங்க. பறிச்சா காசு, பறிக்கலைன்னா இல்லை. இதுக்கு அந்தம்மா ஊர்ல என்ன பேரோ, அதைப் போட்டுக்கட்டும்.”

கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு அதையும் சொன்னார். பிறகு எழுந்து, உட்கார்ந்த சாக்கைத் தட்டி மடித்து வைத்துவிட்டுப் பறிக்கப் போனார்.

அடுத்த மாதம் உலர்களத்தில் பொதுக்கூட்டம். முத்திரை அம்மாவின் அறிக்கையை நான் வாசித்தேன். அடுத்த சோதனைக்குள் சட்டக் கூலி. பொது நிதியைப் பற்றிப் பேசும்போது பறிக்கும் பெண்களையும் கேட்க வேண்டும். வாசித்து முடிக்கவில்லை, அதற்குள் சத்தம் கிளம்பிவிட்டது.

“அத்தைக்கு நாக்கு இவ்வளவு நீளம்னு தெரியாமப் போச்சே.”

“அத்தையைச் சொல்லாதீங்க. மொழிபெயர்த்தவரைச் சொல்லுங்க. அத்தைன்னா அத்தை, அதோட நிறுத்தியிருக்கலாம்ல? படிச்சவரு, வெளக்கம் வேற குடுத்திருக்காரு.”

“நிறுத்தியிருந்தா?” என்றார் செயலாளர். “ஊர்ல இருக்குற எல்லாரும் ஒரே பாட்டன் வழின்னு நம்பிட்டுப் போயிருக்குமா அந்தம்மா? கண்ணு இல்லையா அவங்களுக்கு?”

முக்கா ஏக்கர் எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துண்டை முறுக்கிக்கொண்டே பேசினார்.

“அத்தைக்குச் சட்டக் கூலி குடுக்கணும்ங்கிறதுல எனக்கு மறுப்பில்லை. ஆனா ஒண்ணு கேக்குறேன். நான் என் தோட்டத்துல உழைக்கிறேனே, எனக்கு எந்தச் சட்டம் கூலி குடுக்குது? முழு விளைச்சலையும் அந்த விலைக்கு எடுங்க, நானும் முழுக் கூலி தர்றேன். ஒரு மூட்டைக்கு விலை குடுத்துட்டு மூணு மூட்டைக்கு விதி போட்டா, மிச்சத்தை நான் யார் தலையில போடுறது? அத்தை தலையிலதான் போட்டுக்கிட்டிருந்தேன். வேற தலை இருந்தா காட்டுங்க.”

கடைசியில், பொது நிதியில் ஒரு பங்கைப் பறிக்கும் கூலியோடு சேர்ப்பது என்று ஒரு தீர்மானம் வந்தது. பாதியில் நிற்கும் சங்கக் கட்டடத்துக்குக் கூரை போட அந்தக் காசு வேண்டும் என்று ஒரு கூட்டம் எதிர்த்தது. தீர்மானம் தேறியது, ஆனால் தாராளமாகத் தேறியது என்று சொல்ல முடியாது.

அடுத்த பருவத்தில் பறிக்கிற பெண்களுக்குச் சட்டக் கூலி கிடைத்தது. மழைச் சட்டையும் கிடைத்தது. அத்தையின் கூட்டத்திலிருந்த இரண்டு இளம் பெண்கள் முந்தைய பருவத்தைவிட நன்றாகச் சம்பாதித்தார்கள். அவர்கள் கை வேகம். நாள் கூலி ஏறியதும் தோட்டக்காரர்கள் வேகமான கைகளைத் தேடினார்கள். சில குடும்பங்கள் “இன்னைக்கு உன் தோட்டம், நாளைக்கு என் தோட்டம்” என்று தங்களுக்குள் மாற்றி மாற்றிப் பறித்துக்கொண்டன. அது உண்மையிலேயே குடும்ப உழைப்பு. யாரும் குறை சொல்ல முடியாது. அத்தை பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்கிறவர், மெதுவாக. அவருக்குச் சொல்லி அனுப்புவது குறைந்தது. பேச்சும் மாறியது. தலைவர் வீட்டில், “தொழிலாளர்கள் வந்தாச்சா?” என்று ஒரு புதுச் சொல் கேட்டேன். கூட இருந்த மகன், “யாருப்பா அது, தொழிலாளர்கள்?” என்று கேட்டான்.

பறிக்கிறவர்களின் பேர்களைச் சங்கப் பதிவேட்டில் சேர்க்க நான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள், அத்தை வீட்டில் முக்கா ஏக்கர் உட்கார்ந்திருந்தார். ஒரே அறை, மூலையில் அடுப்பு, கொடியில் மழைச் சட்டை, பிரிக்காத மடிப்போடு. அத்தை கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார் அவர்.

“அத்தை.”

“சொல்லுங்க மருமகனே.”

“இந்த வருஷம் கூப்பிடுறது கஷ்டம் போல இருக்கு.”

“தெரியுது. சொம்பை வையுங்க, தேய்ஞ்சிடப் போகுது.”

வைத்தார். “என் மேல கோவமா?”

“உங்களுக்கு என் மேல இருந்துச்சா?”

“இருந்துச்சு. முத்திரை போகலைன்னு தெரிஞ்சதும் பாதி போச்சு.”

“மிச்சப் பாதியை நான் வச்சுக்கிறேன். ஒரு பழம் பறிக்கக் கூப்பிடலைன்னாலும் நிலம் வாங்கினவர் வந்து நேர்ல சொல்லிட்டுப் போறீங்களே, அது போதும்.”

அவருடைய நிலத்தை வாங்கியவர் முக்கா ஏக்கர் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர் போன பிறகு, பேர் எழுத வேண்டும் என்றேன். அத்தை தன் பேரைச் சொன்னார். சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டாவது முறை கேட்டேன்.

“எனக்கே பழக்கம் விட்டுப்போச்சு” என்றார்.

பருவம் பாதி ஓடியிருந்தபோது அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலை கேட்டுப் போனார். அங்கே ஒரே முதலாளியின் பெரிய தோட்டம். ஆள் எடுக்கும் மேலாளர் வயதைப் பார்த்துத் தயங்கியிருக்கிறார். “ஏற்கெனவே எங்க வேலை பார்த்தீங்க?” என்று கேட்டதற்கு, “அந்தப் பக்கம் எல்லாத் தோட்டத்துலயும்” என்று அத்தை சொன்னாராம். “எல்லாத் தோட்டத்துலயும்னா, எதுலயும் நிலையா இல்லைன்னு அர்த்தம்” என்றாராம் மேலாளர். “ஆமா. அதனாலதான் இங்க வந்து நிக்கிறேன்” என்று பதில். அத்தையே எனக்குச் சொன்னது இது. நடந்ததைவிட நன்றாகச் சொல்லியிருக்கவும் கூடும்.

நான் இன்னும் அதே சங்கத்தில்தான் இருக்கிறேன். முத்திரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. விலை விழுந்தபோது பிடுங்கப்படாத செடிகளை நான் தினமும் பார்க்கிறேன். சங்கத்தின் முத்திரை இந்த வருஷமும் புதுப்பிக்கப்பட்டது.

அத்தை இப்போது அந்தப் பெரிய தோட்டத்தில், பறித்துக் கொட்டிய பழத்திலிருந்து பச்சைக்காயைப் பொறுக்கி எடுக்கும் மேசையில் வேலை செய்கிறார். உட்கார்ந்து செய்கிற வேலை. கூலி சட்டப்படி, வாரக் கடைசியில் கைக்கு வந்துவிடுகிறது. அந்தத் தோட்டத்துக்கு எந்த முத்திரையும் கிடையாது.